விரல் நீள மீன் ஒன்றரை அடியாகும்: தொட்டிக்கு வாங்கும் முன் அறிய வேண்டியவை

கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிறு சந்தை உள்பட நாடெங்கும் உள்ள வண்ண மீன் விற்பனை இடங்களில், 'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்று சக்கர் மீன் விற்கப்படுகிறது. வாங்கும்போது அது விரல் நீளமே இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை அடியை எட்டக்கூடும் என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் பாசியை உண்பது உண்மைதான். ஆனால், வீட்டுத் தொட்டியில் படியும் பாசி அதற்குப் போதாது. தனியாக உணவிட வேண்டும். அது வெளியேற்றும் கழிவும் அதிகம். கழிவிலிருந்து உருவாகும் அமோனியா, சிறிய தொட்டியில் விரைவிலேயே நச்சு அளவை எட்டி மற்ற மீன்களையும் கொல்லும். சுத்தம் செய்ய வாங்கிய மீனே தொட்டியை அசுத்தமாக்குகிறது.

இடம் போதாமல் போகும்போது சிலர் அதை ஏரி, குளங்களில் விடுகின்றனர். அங்கு அது பெருகி, கரைகளில் வளை தோண்டி முட்டையிடுகிறது. உடலை மூடியுள்ள எலும்புத் தகடுகளும் துடுப்பு முட்களும் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் பல நீர்நிலைகளில் இம்மீன் பரவியிருப்பதை ஹைதராபாதில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மைய விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்.

எந்த மீனாயினும் அதன் முழு வளர்ச்சி, ஆயுள், உணவு, உடன் வாழக்கூடிய மீன்கள் ஆகியவற்றை விசாரித்த பிறகே வாங்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிய மீன் தொட்டிக்கு மீறி வளர்ந்துவிட்டால், கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைக்கலாம். நீர்நிலையில் விடக் கூடாது.