கொசு மருந்துக்காரர் வந்தால் கதவைத் திறங்க!

"டெங்கு வந்தா நிலவேம்புக் குடிநீர் இருக்கே, டாக்டர்!" என்கிறார்கள். நான் சித்த மருத்துவன். நிலவேம்பு, பற்படாகம், பேய்ப்புடல், சுக்கு, மிளகு என 9 சரக்கு சேர்ந்த அந்தக் கஷாயத்தை 2012-ல் டெங்கு பரவியபோது அரசே வழங்கியது. ஆனால், உங்கள் வீட்டுத் தொட்டியில் நெளியும் புழுவை அது கொல்லாதே! அதற்கு மாநகராட்சி சுகாதாரப் பிரிவு ஆள்தான் வரணும்.

அவரையோ, "எங்க வீடு சுத்தம்தாங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுகிறோம். டெங்கு கொசு சாக்கடையைத் தேடாது. நல்ல தண்ணீர்தான் வேணும். சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வராத நாளுக்குப் பிடித்து வைக்கிற டிரம், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, நாமக்கல் லாரிப் பட்டறை ஓரத்துப் பழைய டயர் எல்லாமே அதற்குப் பிரசவ அறை! முட்டை கொசுவாகச் சுமார் 10 நாள் போதும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.

"தண்ணியில மருந்தா?" என்று பயப்பட வேண்டாம். அவர்கள் ஊற்றும் டெமிபாஸ், லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் அனுமதித்தது. கொசுப்புழு இருந்தால் நோட்டீஸ் கொடுக்க 1939-ம் வருடச் சட்டமே இருக்கிறது. (நோட்டீஸ் வந்தபின் கோபப்பட்டு என்ன பயன்?)

காய்ச்சல் குறையும்போது வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் கஷாயத்தோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. டெங்கு உறுதியானால் அங்கிருந்து சுகாதாரப் பிரிவுக்குத் தகவல் போகும். உங்கள் தெருவுக்குப் புகை மருந்து வருவது அதை வைத்துத்தான்.