ஒரே மின்னூல், ஊருக்கொரு விலை

சென்னையில் இருக்கும் உறவினர் ஒரு தமிழ் நாவலைக் கைப்பேசியில் மலிவாக வாங்கிப் படித்துவிட்டு நமக்கும் பரிந்துரைக்கிறார். கிள்ளானிலோ ஜூரோங்கிலோ இருந்து தேடினால் விலை டாலரில், கூடுதலாக நிற்கிறது. சில வேளைகளில் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற வரி மட்டுமே வரும். தாள் செலவு இல்லை, கப்பல் கட்டணமும் இல்லை. பிறகு ஏன் இப்படி?

மின்னூலுக்கும் நாட்டெல்லை உண்டு. அமேசான் 2012இல் இந்தியாவுக்கென தனி கிண்டில் கடை திறந்தது. நமக்கு அப்படியொன்று இல்லை. அமெரிக்கக் கடையில்தான் வாங்குகிறோம். இந்தியாவில் விலையைக் குறைத்தால் வாசகர் பெருமளவில் கூடுவர் எனப் பதிப்பாளர் எதிர்பார்க்கலாம். இங்கே பாதி விலைக்குக் கொடுத்தாலும் எத்தனை பேர் கூடிவிடப் போகிறார்கள்?

சொந்தமாக மின்னூல் வெளியிடுவோருக்கு அமேசான் வைத்திருக்கும் விதிகளையும் பார்க்க வேண்டும். சிறிய கோப்பு என்றால் விலையை 0.99 டாலர் வரை இறக்கலாம். 10 மெகாபைட்டைத் தாண்டினால் 2.99 டாலருக்குக் கீழே போக முடியாது. படங்கள் நிறைந்த சிறுவர் கதைநூல் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். பிள்ளைகளைத் தமிழ் வாசிக்கப் பழக்கும் பெற்றோரின் பணப்பையைத்தான் இது கடிக்கிறது.

எழுத்தாளருக்கு இன்னும் மோசம். விலையில் 70 விழுக்காடு அவருக்குக் கிடைப்பது, குறிப்பிட்ட சில நாடுகளின் வாசகர்கள் வாங்கும்போது மட்டுமே. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கு 35 விழுக்காடுதான். ஈப்போ எழுத்தாளரின் 2.99 டாலர் நூலை அமெரிக்காவில் ஒருவர் வாங்கினால் அவருக்கு ஏறக்குறைய 2 டாலர். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் சுமார் 1 டாலர்! உள்ளூர் எழுத்தாளர்கள் மின்னூல் பக்கம் தயங்குவதில் வியப்பில்லை.

ஆங்கில நூல்களின் கதை வேறு. அவற்றின் உரிமையை அமெரிக்காவுக்கு ஒருவர், பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் இன்னொருவர் எனப் பிரித்து விற்பது பழைய வழக்கம். நாம் பெரும்பாலும் பிரிட்டிஷ் பங்கில் வருவோம். அதனால் அமெரிக்கப் பதிப்பு நம் திரையில் தெரியாமலே போகலாம்.

தமிழில் பழைய இலக்கியம் தேடுவோருக்குக் கவலையில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றை இலவசமாகவே தருகிறது. புதிய நூல் ‘கிடைக்காது’ என்று வந்தால் எழுத்தாளருக்கே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வெளியிடும்போது ‘உலகம் முழுவதும்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருக்கலாம். உரிமை அவர் கையில் இருந்தால் அதை அவரே மாற்றிவிடலாம்.