கூமுட்டை என்று எறிவதற்கு முன்...

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மெர்சிங்கில் தியோமான் படகுகள் அடிக்கடி நின்றுவிடும். சில நாள்களில் மின்சாரமும் நின்றுவிடும். செமஸ்டர் விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது அப்படித்தான் ஓர் இரவு நான்கு மணி நேரம் மின்தடை. தம்பியின் அடைகாப்புப் பெட்டியில் 12 கம்பத்துக்கோழி முட்டைகள் இருந்தன. விடிந்தால் 19ஆம் நாள்.

"எல்லாம் கூமுட்டை ஆயிருக்கும், தூக்கிப் போடுய்யா" என்றார் அப்பா. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோழிகூட இரை தேட எழுந்து போகும். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னதில் அறிவியல் இருக்கிறது. கோழி முட்டை பொரிய ஏறக்குறைய 21 நாள்கள், 37.5 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. கடைசி நாள்களில் உள்ளிருக்கும் குஞ்சு தானே ஓரளவு வெப்பத்தை உண்டாக்கும். அதனால் சில மணி நேரக் குளிரை அது தாங்கக்கூடும்.

அறையை இருட்டாக்கி, முட்டையின் அகன்ற முனையில் கைபேசி விளக்கை வைத்துப் பார்த்தோம். காற்றறை மட்டும் வெளிச்சமாகவும் மற்ற பகுதி கருமையாகவும் தெரிந்தால் குஞ்சு நன்கு வளர்ந்திருக்கிறது. காற்றறையின் ஓரத்தில் நிழல் அசைந்தால் உயிர் இருக்கிறது. பொரிப்பதற்கு முன் குஞ்சு அலகால் காற்றறையைத் துளைத்து நுரையீரலால் மூச்சுவிடும். அப்போது காதருகே வைத்தால் கீச்சொலியும் கேட்கலாம்.

ஒன்பது முட்டைகளில் அசைவு தெரிந்தது. இரண்டில் தெரியவில்லை. ஒன்றில் நீர் தளும்பியது, நாற்றமும் அடித்தது. அழுகிய முட்டை வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால் அதை மட்டும் அகற்றினோம்.

வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு அசைகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. ஓட்டில் விரிசல் இருந்தால் நீர் உள்ளே புகுந்து குஞ்சு இறந்துவிடும். நாங்கள் அதைச் செய்யவில்லை. பெட்டியையும் அடிக்கடி திறக்கவில்லை. ஈரப்பதம் குறைந்தால் உட்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்.

21ஆம் நாள் எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன. மறுநாள் காலை இன்னொரு கீச்சொலி. அசைவே இல்லை என்று நாங்கள் குறித்து வைத்திருந்த முட்டை அது! குளிர்ந்த முட்டை தாமதமாகப் பொரிவது இயல்பாம்.

சோதித்த நொடியில் அசையவில்லை என்பது இறந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆய்வகத்திலும் இதை மறக்காதீர்கள், நண்பர்களே. அந்தக் குஞ்சுக்குத் தம்பி வைத்த பெயர் 'கூமுட்டை'. அப்பாதான் இப்போது அதற்குத் தினமும் தீனி போடுகிறார்.