முகம் தேய்க்கும் முன்பு

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ரயில் நிலையம் உண்டு. அதற்கு எதிரிலேயே பேருந்து நிலையம். விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தினமும் பலர் வேலைக்கு வந்து இறங்குகிறார்கள். தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும்.

அங்கே பூ விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக் கொள்ளுங்கள். காலை முதல் மாலை வரை அவர் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார். பேருந்துப் புகை முகத்தில் படிகிறது. தூசி ஒட்டுகிறது. வியர்வை வழிகிறது. மாலையில் முகத்தைத் துடைத்தால் முந்தானையில் கறுப்பாகப் படிகிறது. முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. நமக்கும் அப்படித்தானே தோன்றும்?

எதை வைத்துத் தேய்ப்பது? எப்படித் தேய்ப்பது? எத்தனை நாளைக்கு ஒருமுறை தேய்ப்பது? இவை தெரியாமல் தேய்த்தால் நன்மையை விடக் கெடுதலே அதிகம்.

தோல் எப்படி வேலை செய்கிறது?

நம் தோல் தினமும் புதிதாகிக் கொண்டே இருக்கிறது. மேல் தோலின் அடியில் புதிய செல்கள் பிறக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலே வருகின்றன. மேலே வந்து சேர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். மேலே வந்தபின் அவை இறந்து, கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்கின்றன. வயது ஏற ஏற இந்த வேலை மெதுவாக நடக்கும்.

தோலிலிருந்து எண்ணெயும் சுரக்கிறது. இறந்த செதில், எண்ணெய், தூசி மூன்றும் சேர்ந்தால் முகம் மங்கலாகத் தெரியும். சொரசொரப்பாகவும் இருக்கும். இதை மெதுவாகத் தேய்த்து எடுப்பதற்காகக் கடையில் விற்கும் பொருளுக்கு 'ஸ்கிரப்' என்று பெயர். அதில் சிறு சிறு மணிகள் இருக்கும்.

இது புதிய வழக்கம் அல்ல. நம் வீடுகளில் பயத்தம்மாவும் கடலைமாவும் தேய்த்துக் குளிப்பது பழைய வழக்கம். கேரளத்தில் 'இஞ்ச' என்ற கொடியின் பட்டையை நாராக்கி உடம்பு தேய்ப்பார்கள். நாம் பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்ப்போம். ஆனால் நாரும் பட்டையும் உடம்புக்குத்தான். முகத்துக்கு அவை ஆகாது. முகத்தின் மேல் தோல் காகிதத்தைப் போல மெல்லியது.

அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்?

அழுக்குப் போகட்டும் என்று சிலர் அழுத்தித் தேய்க்கிறார்கள். சர்க்கரை, உப்பு போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. சில ஸ்கிரப்களில் அக்ரூட் கொட்டையின் ஓட்டைப் பொடித்துச் சேர்க்கிறார்கள். இவற்றின் முனை கூர்மையானது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். தோல் எரியும், சிவக்கும்.

நம்மைப் போன்ற கறுப்பு, மாநிறத் தோலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. புண்ணோ கீறலோ ஆறியபின் அந்த இடம் கறுத்துப் போகும். அந்தக் கறை மறைய மாதக் கணக்கில் ஆகும். கறையைப் போக்கத் தேய்க்கப் போய், புதிய கறையை வாங்கிக் கொள்கிறோம்.

எலுமிச்சம் பழச் சாற்றை முகத்தில் தேய்ப்பதும் தவறு. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம். பின்பு அந்த இடம் கறுக்கும்.

சரியான முறை எது?

பச்சைப் பயற்றைக் காய வைத்து அரையுங்கள். மாவை மெல்லிய துணியில் சலியுங்கள். விரலால் தொட்டால் மணல் போல நெருடக் கூடாது. ஒரு தேக்கரண்டி மாவு போதும். தண்ணீரோ தயிரோ விட்டுக் குழையுங்கள்.

முதலில் முகத்தை நனையுங்கள். விரல் நுனியால் வட்டமாகத் தடவுங்கள். கண்ணைச் சுற்றித் தடவ வேண்டாம். அரை நிமிடம் போதும். பிறகு குளிர்ந்த நீரில் கழுவுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், துடைத்துத் தேய்க்காதீர்கள். மீந்த குழம்பை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அது கெட்டுவிடும்.

வாரம் ஒருமுறை செய்தால் போதும். மற்ற நாளில் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். பருவோ புண்ணோ படையோ இருந்தால் தேய்க்கவே வேண்டாம். பருவைத் தேய்த்தால் அது உடைந்து தழும்பாகும். ஆண்கள் சவரம் செய்த அன்று தேய்க்கக் கூடாது.

மணி போகும் வழி

சில ஸ்கிரப்களில் பிளாஸ்டிக் மணிகளைச் சேர்த்தார்கள். அவை கடுகை விடச் சிறியவை. முகம் கழுவினால் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. அது ஆக்குளம் காயலில் சேர்கிறது. அங்கிருந்து வேளி வழியாகக் கடலுக்குப் போகிறது. ஓடையில் போவதை மீன் தின்னும். மீனை நாம் தின்போம்.

அந்த ஓடை ஏற்கெனவே பிளாஸ்டிக் குப்பையால் திணறுகிறது. 2024 ஜூலையில் அதைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒரு தொழிலாளி உயிரிழந்தார். நாம் எறிவதை யாரோ ஒருவர் இறங்கி அள்ள வேண்டியிருக்கிறது.

கழுவி ஊற்றும் அழகுப் பொருளில் பிளாஸ்டிக் மணி கூடாது என்று அமெரிக்கா 2015இல் சட்டம் செய்தது. டப்பாவின் மேல் 'பாலிஎத்திலீன்' என்று இருந்தால் அதை வாங்காதீர்கள். பயத்தம்மாவு கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

தேய்த்தால் சிவப்பாக முடியுமா?

முடியாது. தோலின் நிறம் அழுக்கு அல்ல. அது உள்ளே உண்டாகும் நிறப்பொருள். வெயிலிலிருந்து தோலைக் காப்பது அதுதான். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

இந்த ஆசையை வைத்துத்தான் சிலர் சிவப்பழகு கிரீம் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். அதனால் முதலில் முகம் வெளுத்தது போலத் தெரியும். ஆனால் பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இது கேரளத்திலேயே நடந்தது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 15 பேருக்கு ஒரே வகைச் சிறுநீரக நோய் இருந்தது. விசாரித்தபோது அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனை செய்தது.

கிரீம் பூசியபின் கால் வீங்குகிறதா? சிறுநீர் நுரைக்கிறதா? உடனே பூசுவதை நிறுத்துங்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு.

படித்துப் பார்த்து வாங்குங்கள்

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். அதைக் கடையில் பயன்படுத்துங்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். செய்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? உரிம எண் இருக்கிறதா? செய்த தேதி, முடியும் தேதி இருக்கிறதா? என்னென்ன சேர்த்திருக்கிறார்கள்? ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. இவை எதுவும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்தப் பூக்காரப் பெண்ணின் முகத்துக்கு வேண்டியது என்ன? மாலையில் நல்ல தண்ணீர். வாரம் ஒருநாள் ஒரு தேக்கரண்டி பயத்தம்மாவு. பகலில் தலைக்கு மேல் கொஞ்சம் நிழல். அவ்வளவு போதும்.

சிந்தித்துச் சொல்லுங்கள்

1. முகத்தை அழுத்தித் தேய்த்தால் ஏன் கறை விழுகிறது?
2. பிளாஸ்டிக் மணி எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கிரீம் டப்பாவை எடுங்கள். அதில் செய்த தேதியும் முடியும் தேதியும் இருக்கின்றனவா? பார்த்து எழுதுங்கள்.