ஒரே முதுகு, பத்து ரிப்போர்ட்

முதுகுவலியும் காலுக்கு இறங்கும் வலியும் இருந்த 63 வயதுப் பெண் ஒருவருக்கு, மூன்றே வாரத்தில் பத்து மையங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த ஆய்வு இது; 2017-இல் 'ஸ்பைன் ஜர்னல்' இதழில் வெளியானது. பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 கோளாறுகள். பத்து பேரும் ஒருமித்துச் சொன்னது ஒன்றுகூட இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் கண்ணுக்கு மட்டும் பட்டவை.

யாரும் பொய் எழுதவில்லை. 'லேசான' டிஸ்க் பிதுக்கம் எங்கே முடிந்து 'மிதமான' பிதுக்கம் எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவரின் தீர்மானம். சில சமயம் வேறுபாட்டுக்குக் காரணம் கருவியே. அல்ட்ராசவுண்டில் 7 மி.மீ. என்று வந்த சிறுநீரகக் கல், சி.டி. ஸ்கேனில் 5 மி.மீ. ஆகலாம்; சின்னக் கற்களை அல்ட்ராசவுண்ட் பெரிதாகக் காட்டுவது வழக்கம். சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லோ, குடல் வாயு மறைத்து, அதில் தெரியாமலே போகும். 5 மி.மீ. கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும் என்பதால் அந்த 2 மி.மீ. சாதாரணமல்ல.

ஒரு ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்ததும் வேறு மையத்துக்கு ஓடிப் புதிதாக ஸ்கேன் எடுப்பதுதான் நம் வழக்கம். எடுத்த படங்களையே இன்னொரு கதிரியக்க மருத்துவரிடம் காட்டுவது பெரும்பாலும் போதும். பிலிமில் தேர்ந்தெடுத்த படங்கள்தான் இருக்கும்; முழுப் படங்களையும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள். பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். மூளைக்கு, எலும்பு மூட்டுக்கு என்று தனித்தேர்ச்சி பெற்றவர் கிடைத்தால் நல்லது.

'கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்' என்று வலியைச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. அது வீண் சாமர்த்தியம். எங்கே வலி, எத்தனை நாளாக என்று தெரிந்தால்தான் எங்கே உற்றுப் பார்ப்பது என்று அந்த மருத்துவருக்குத் தெரியும். முதல் ரிப்போர்ட்டை வேண்டுமானால் கடைசியில் நீட்டலாம்.

பிறகும் இரு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லையா? இரண்டையும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் வைத்து, 'இந்த வித்தியாசத்தால் சிகிச்சை மாறுமா, டாக்டர்?' என்று கேளுங்கள். பல நேரம் மாறாது. வலியே இல்லாத இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருப்பதாக 2015-இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. 'ஜவ்வு விலகியிருக்கு' என்ற ஒரு வரியை நம்பி அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பது அவசரம்.

ஆனால் முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, மறைவிடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ, ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.