சுவருக்கும் வேர்க்குமா?

"மழை விட்டு மாசம் ஒண்ணாச்சு. இந்தச் செவுத்துல மட்டும் தண்ணி எங்கிட்டிருந்து வருது, கொத்தனாரே?"

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வீடுகளில் தை மாதத்தில் எழக்கூடிய நியாயமான கேள்விதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பிக் காலம் தள்ளும் வறண்ட பூமி அது. அங்கே போய்ச் சமையலறைப் புகைபோக்கியின் வாயருகே சுவர் ஓதம் காத்து, சுண்ணாம்பு பொரிந்து, கறுப்புப் புள்ளி விழுகிறதென்றால் யாருக்குத்தான் திகைப்பாயிராது? கொத்தனார் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசுவார். அடுத்த தை பிறந்ததும் கறை திரும்பவும் தலைகாட்டும். "அடுப்படியைத் துடைத்து வைத்தால்தானே!" என்று பழி வீட்டுக்காரியின் தலையில் விடியும்.

உண்மையில் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவருவது காஸ் சிலிண்டர்தான்! அதிலுள்ள புரோப்பேன், பியூட்டேன் இரண்டிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. 14.2 கிலோ காஸ் முழுவதும் எரிந்தால் உண்டாகும் நீர் சுமார் 22 லிட்டர். ஏறக்குறைய ஒன்றரைக் குடம். இட்லிக் கொப்பரையின் ஆவி, சோறு கொதிக்கிற ஆவி எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. தை மாதத்து விடியற்காலையில் சில்லிட்டுக் கிடக்கும் சுவரிலே இந்த ஆவி பட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வேர்ப்பதுபோல் சுவரும் வேர்த்துவிடுகிறது. கோடையில் சுவர் சூடாயிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

சீமைக்கருவேல விறகு எரித்த நாளில் புகைக்குப் பயந்தாவது கூரைத் துவாரத்தைத் திறந்து வைத்திருந்தோம். காஸ் வந்ததும், "புகைதான் இல்லையே" என்று பல வீடுகளில் அதை அடைத்துவிட்டோம். ஆவி பாவம், எங்கே போகும்?

ஆனால் எல்லா ஓதமும் வேர்வை அல்ல. கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. நனைந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சாண் துண்டு எடுத்து, நான்கு பக்கமும் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் வழக்கம்போல் சமையல் நடக்கட்டும். தாளின் வெளிப்புறம் நனைந்தால் அடுக்களை ஆவி. சுவரை ஒட்டிய உட்புறம் நனைந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மாடித் தொட்டிக் குழாயையோ, குழாய் வெளியேறும் இடத்து வெடிப்பையோ பாருங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் கறை பெருத்தால், வெளிவாய்க்கு மூடி இல்லாமலிருக்கலாம்.

மின்சாரப் புகைபோக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அதன் குழாய் வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்திருந்தால் குழாய்க்குள் குளிர்ந்த நீரெல்லாம் திரும்பிவந்து சுவரில் இறங்கும். குழாயே இல்லாமல் கரி வடிகட்டியோடு விற்கும் ரகம் வாசனையைக் குறைக்கும், ஆவியை வெளியேற்றாது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்! சமையல் முடிந்த பிறகும் கால்மணி நேரம் விசிறி ஓடட்டும். எதிர்ப்பக்கத்து ஜன்னலும் திறந்திருக்கட்டும். பூச்சுவேலை எல்லாம் சுவர் உலர்ந்த பிறகுதான்.

கறையோடு போனால் பரவாயில்லை. குளியலறையில் காஸ் வெந்நீர்க் கருவி இருந்து, போக்கி வாயில் குருவியோ குளவியோ கூடு கட்டியிருந்தால் விஷயம் வேறு. காற்றோட்டம் குறைந்தால் காஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் வருகிற நாற்றம் கசிவைக் காட்டச் சேர்த்தது. இந்த விஷத்தை அது காட்டாது. நீலச் சுவாலை மஞ்சளாவது, போக்கியைச் சுற்றிக் கரி படிவது, குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு இவைதாம் அடையாளங்கள். அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து, காஸை மூடச் சொல்லுங்கள். கிறுகிறுப்பு வந்தவரை டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். போக்கியைச் சுத்தம் செய்து சோதித்த பிறகே கருவியை மறுபடி ஏற்ற வேண்டும்.