தலைமை என்பது முறைவாசல்

மேடையில் அல்ல, சமையலறையில் தலைவர்களை உருவாக்க முயன்றன கனடாவின் இரண்டு இளைஞர் திட்டங்கள். நம் கல்லூரிகளுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

1986 மார்ச் 10. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் செனட் அவையின் முன்கூடத்தில் 62 வயது உறுப்பினர் ஒருவர் உண்ணாவிரதம் தொடங்கினார். இந்தியர்களுக்கு நன்கு பழகிய ஆயுதம்தான். கனடாவின் மேலவைக்கு அது புதிது. ழாக் எபேர் 21 நாட்கள் பட்டினி கிடந்தார். அவர் கேட்டது பதவியோ சலுகையோ அல்ல. அரசு இழுத்து மூடிய ஓர் இளைஞர் திட்டத்தைத் திரும்பத் திறக்க வேண்டும் என்பதுதான்.

அந்தத் திட்டத்தின் பெயர் கட்டிமாவிக். வடகோடியில் வாழும் இனூயிட் மக்களின் மொழியில் ‘சந்திக்கும் இடம்’ என்று பொருள். பதிப்பாளராகவும் பத்திரிகையாளராகவும் இருந்து அரசியலுக்கு வந்த எபேர், 1977இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1971இல், ‘கனடா வேர்ல்ட் யூத்’ என்ற பன்னாட்டுப் பரிமாற்ற அமைப்பை அவர் நிறுவியிருந்தார். முன்னது ஆங்கிலம் பேசும் கனடியர்களையும் பிரெஞ்சு பேசும் கனடியர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. பின்னது கனடா இளைஞர்களை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் இளைஞர்களோடு சேர்த்தது. இந்தியாவும் அதில் பங்கேற்ற நாடுகளில் ஒன்று.

வாரம் ஒரு பொறுப்பாளர்

கட்டிமாவிக் ஆரம்பத்தில் ஒன்பது மாதத் திட்டம். 17 முதல் 21 வயது வரையிலானவர்கள் குழுவாக மூன்று வெவ்வேறு ஊர்களில் தங்கி, உள்ளூர் அமைப்புகளுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். கைச்செலவுக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர். முழுதாக முடித்தால் கடைசியில் 1,000 டாலர். வீட்டு நிர்வாகம் அவர்கள் கையில். பொறுப்பு முறைவைத்துச் சுற்றியது. இந்த வாரம் வீட்டுக் கணக்கைப் பார்த்து, சமையலைத் திட்டமிட்டவர், அடுத்த வாரம் வழக்கம்போல வேலைக்குப் போவார். ஒண்டுக்குடித்தன வீடுகளில் முறைவாசல் பெருக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்று அவர் முறை, நாளை என் முறை. பெருக்காமல் விட்டால் வீடே பேசும்.

கனடா வேர்ல்ட் யூத் இதே எண்ணத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோனது. அதன் பழைய முறையில் இரு நாட்டினரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருந்தனர். ஒரு கனடியரும் ஒரு வெளிநாட்டவரும் ஜோடியாக்கப்பட்டு ஒரே குடும்பத்தில் தங்கவைக்கப்பட்டனர். சில மாதங்கள் கனடாவில், சில மாதங்கள் மற்ற நாட்டில். பகலில் பண்ணை, குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம் என்று தொண்டு வேலை. வாரத்தில் ஒரு நாள் முழுக் குழுவும் கூடிப் படிக்கும் நாள். அதற்குப் பொருள் தேர்ந்தெடுப்பதும், ஆட்களை அழைப்பதும், விவாதத்தை நடத்துவதும் ஜோடிகளின் பொறுப்பு. இரு நாடுகளின் வழிகாட்டிகளும் உடன் இருந்தாலும், அந்த நாளை நடத்த வேண்டியவர்கள் மாணவர்களே.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. முதல் பாதியில் கனடியருக்கு எல்லாம் தெரியும்: பேருந்து எப்போது வரும், கடையில் எப்படிப் பேச வேண்டும், குளிருக்கு என்ன உடுத்த வேண்டும். விருந்தாளி அவர் பின்னால் நடப்பார். விமானம் மறுபக்கம் இறங்கியதும் நிலைமை தலைகீழ். இப்போது கனடியருக்குத் தண்ணீர் குடிக்கவும் துணை வேண்டும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது இங்கே பாடத்திட்டமாகவே இருந்தது. வழிநடத்தியவர் வழிநடத்தப்படும்போதுதான் முன்பு தான் எவ்வளவு வேகமாகப் பேசினோம், எத்தனை முடிவுகளைக் கேட்காமலே எடுத்தோம் என்பது உறைக்கிறது.

யாருக்குத் தொண்டு?

இத்தகைய திட்டங்களுக்குக் கடுமையான எதிர்ப்பும் உண்டு. 1968இல் மெக்சிகோவின் குவர்நவாகா நகரில், கோடைக்காலத் தொண்டுக்கு வரும் அமெரிக்க மாணவர்களை ஆதரிப்போர் கூட்டத்தில் பேசிய சிந்தனையாளர் இவான் இலிச், அவர்களை முகத்துக்கு நேரே சாடினார். மொழியும் தெரியாமல் வாழ்க்கையும் புரியாமல் கிராமத்துக்கு வரும் பணக்கார நாட்டு இளைஞர்களால் ஏழைகளுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது அவர் வாதம். கற்றுக்கொள்ள வரலாம், உதவி செய்கிறோம் என்று மட்டும் வர வேண்டாம்.

அந்தக் குற்றச்சாட்டுக்கு முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் ஒரு மாணவர் கட்டும் சுவரை உள்ளூர்க் கொத்தனார் மூன்றே நாளில் கட்டிவிடுவார். ஆகவே லாபம் சுவரில் இல்லை. ஏழை நாட்டு இளைஞரும் சமமான தலைவராக இருந்தால் மட்டுமே, ‘கொடுப்பவர், வாங்குபவர்’ என்ற பழைய உறவு கொஞ்சமாவது உடையும். ஜோடி முறை அதைத்தான் குறிவைத்தது.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவுக்கு இந்த வகைத் தொண்டு புதிதல்ல. 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், ஸ்விட்சர்லாந்தின் பியர் செரசோல் சில தோழர்களுடன் வந்து கிராம மக்களோடு சேர்ந்து வீடுகள் கட்டினார். சுதந்திரத்துக்குப் பின், காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்தது, பின்னர் பல லட்சம் பேராக வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு, ஏழு நாள் கிராம முகாம், மாநிலங்களின் மாணவர்கள் சந்திக்கும் தேசிய ஒருமைப்பாட்டு முகாம் என்று கட்டமைப்பு வலுவானது. 2015இல் அறிவிக்கப்பட்ட ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டம் மாநிலங்களையே ஜோடி சேர்த்தது. தமிழகத்துக்கு ஜம்மு காஷ்மீர் இணையானது.

குறை வேறிடத்தில். நூறு மாணவர்கள் கொண்ட ஓர் அணிக்கு ஓர் ஆசிரியர் அலுவலர். பல முகாம்களில் சாப்பாட்டுப் பட்டியல் முதல் நிறைவு விழா அழைப்பிதழ் வரை அவர் தலையில்தான். மாணவர் தலைவர் என்பவர் பெரும்பாலும் நன்றியுரை சொல்பவர். மாநிலப் பரிமாற்றங்களிலோ நடனமும் உணவும் இடம்பெறும் அளவுக்குச் சேர்ந்து செய்யும் வேலை இடம்பெறுவதில்லை. காஷ்மீர் மாணவியும் மதுரை மாணவியும் ஒரே அடுப்படியில் கணக்குப் பார்த்து, சண்டையிட்டு, சமாதானமாக ஏழு நாட்கள் போதாது.

காலத்துக்குப் பணம் வேண்டும் என்பதுதான் எபேரின் கதை சொல்லும் கசப்பான பாடம். அவரது உண்ணாவிரதம் அன்றைய அரசின் மனத்தை மாற்றவில்லை. 1990களில் ஆட்சி மாறியபின் கட்டிமாவிக்குக்கு நிதி திரும்பியது. 2012 பட்ஜெட்டில் மறுபடி வெட்டு விழுந்தது. ஆளுக்கு ஆகும் செலவு அதிகம் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. எபேர் 2007இலேயே காலமாகியிருந்தார். 2018இல் மீண்டும் அரசு நிதி வந்தது.

ஆனால் அவர் திட்டத்தின் மையமான ஒன்றுக்கு எந்த பட்ஜெட்டும் தேவையில்லை. அடுத்த கிராம முகாமில் அலுவலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சமையலறைச் சாவியையும் கணக்கு நோட்டையும் இரண்டு மாணவர்களிடம் ஒரு நாளுக்குக் கொடுப்பது. மறுநாள் அது வேறு இருவரின் முறை. முதல் நாள் சாம்பாரில் உப்பு கூடலாம். நன்றியுரைக்கு ஆள் கிடைக்காமல் போகலாம். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.